தியாக சிகரமும் வாசகர் வினாக்களும்

நெடுங்கதையொன்று முடிவுறும்போது அதனைப் படைத்தவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகிறார். படித்தவர் உள்ளமோ அத்துணை எளிதில் ஓய்வதில்லை. வாரந்தோறும் சிறிது சிறிதாக வெளிவந்த கதையாயின் இந்நிலை இன்னும் மிகும். நூலாகப் படிப்போர் கதைமாந்தருடன் சில நாட்கள் பழகுகின்றனர். தொடராகப் படிப்போர் ஆண்டுக்கணக்கில் அவர்களுடன் வாழ்கின்றனர். அவ்வாழ்வு திடுமென நின்றுவிட்டால் மனக்குறை எழுவது இயல்பே. தமிழில் இதனைத் தெளிவுறக் காட்டுவது, அமரர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நிறைவெய்திய வரலாறாகும்.

1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கிய அக்கதை 1954 மே மாதத்தில் முடிந்தது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். அவற்றுள் இறுதிப் பாகமாகிய 'தியாக சிகரம்' மட்டும் 91 அத்தியாயங்கள் கொண்டது. முதற் பாகத்திற்குப் 'புது வெள்ளம்' என்றும் இரண்டாம் பாகத்திற்குச் 'சுழற்காற்று' என்றும் ஆசிரியர் பெயரிட்டார். நீரும் காற்றுமாகத் தொடங்கிய கதையில் பிற பூதங்களும் பங்கு கொள்ளாமல் இல்லை. வானில் வால்நட்சத்திரம் தோன்றி மக்களை அச்சுறுத்துகிறது. நாகைக் கடல் பொங்கிச் சூடாமணி விஹாரத்தைச் சூழ்கிறது. கடம்பூர் மாளிகையைத் தீ உண்கிறது. இத்தனை கொந்தளிப்பும் எதற்காக? சோழ நாடு என்னும் நிலத்தை ஆளப்போகிறவர் யார் என்னும் ஒரு வினாவுக்காகவே. அதற்கு விடை தரும் கடமை இறுதிப் பாகத்தின்மீது விழுந்தது.

விடையும் வந்தது. மக்கள் விரும்பிய அருள்மொழிவர்மர் தமக்கு வரவிருந்த மணிமுடியைச் செம்பியன் மாதேவியின் திருமகனாகிய சேந்தன் அமுதனுக்குச் சூட்டி மகிழ்கிறார். அதன்பின், வந்தியத்தேவன்மீது கைம்மாறு கருதாத அன்பு பூண்ட மணிமேகலை உயிர் நீக்க, 'மலர் உதிர்ந்தது' என்னும் அத்தியாயத்துடன் கதை நின்றுவிடுகிறது. முடிசூட வேண்டியவர் முடிசூடவில்லை. மணமாலை காண வேண்டியவர்களின் மணமும் கதைக்குள் நடைபெறவில்லை. மூன்றரை ஆண்டுகள் காத்திருந்த வாசகர் சிலர் திகைத்தனர். மனநிறைவில்லை என்று ஆசிரியருக்குத் தெரிவிக்கவும் செய்தனர்.

கல்கி இதனைப் புறக்கணிக்கவில்லை. முடிவுரை ஒன்று எழுதி, வாசகர் மனத்தில் எஞ்சிய வினாக்களுக்கு விடை பகர்ந்தார். முழுதும் கற்பனையான கதையில் மாந்தர் எல்லாரையும் ஓரிடத்துக் கொணர்ந்து நிறுத்தி முடித்துவிடலாம்; வரலாற்றுக் கதைக்கு அந்த உரிமை இல்லை என்பது அவர் கூறிய விளக்கத்தின் சாரம். இந்த விளக்கம் ஒரு தப்பித்தலா, உண்மையா என்பதை வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கினால்தான் அறியலாகும்.

முதலாவது, மணிமுடி பற்றியது. ஆதித்த கரிகாலன் மறைந்தபின் குடிமக்கள் அருள்மொழியை அரசேற்க வேண்டினர் என்றும், தம் சிற்றப்பன் அரசை விரும்பும்வரை தாம் அதனை மனத்தாலும் நாடேன் என அவர் மறுத்தார் என்றும் இராசேந்திர சோழரின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் பேசுகின்றன. உத்தம சோழர் ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆண்ட பின்னரே, 985ஆம் ஆண்டில் இராசராசர் அரியணை ஏறினார். ஆகவே வாசகர் வேண்டியவாறு முடிசூட்டியிருப்பின், கதை வரலாற்றுக்கு மாறாகியிருக்கும், தியாகமும் மறைந்திருக்கும். சேந்தன் அமுதனே உத்தம சோழன் என்பது கல்கியின் கற்பனை; முடியை விட்டுக்கொடுத்தமை செப்பேடு கூறும் செய்தி. இவ்வினாவில் ஆசிரியர் பக்கமே நியாயம் இருக்கிறது.

இரண்டாவது, கரிகாலனைக் கொன்றவர் யார் என்பது. பெரிய பழுவேட்டரையர் பழியைத் தாமே ஏற்று உயிர்விட்ட பின்னும் வாசகரின் ஐயம் முற்றும் தீர்வதில்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, இராசராசரின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலிய உடன்பிறந்தோரைக் குறிப்பிட்டு, அவர்தம் சுற்றத்தார் நிலங்கள் பற்றிய ஆணையைத் தருகிறது. கொலை எவ்வாறு நிகழ்ந்தது, தூண்டியவர் யார் என்பவற்றை அது கூறவில்லை. கல் பேசாத இடத்தில் கதையும் ஐயத்தை நிலைநிறுத்தியது பொருத்தமேயாகும்.

மூன்றாவது, குந்தவை–வந்தியத்தேவன் மணம். வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகக் குந்தவையாரைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் குறிக்கின்றன. வரலாறு இங்கே தடை செய்யவில்லை, துணையே செய்கிறது. எனினும் அம்மணச் செய்தியை வாசகர் கதையில் காணாமல் முடிவுரையில்தான் காண்கின்றனர். ஆடிப்பெருக்கன்று வீராணத்து ஏரிக்கரையில் குதிரையேறி வந்த இளைஞனை 293 அத்தியாயங்கள் பின்தொடர்ந்தவர்களுக்கு அது போதாது. இவ்வொரு வினாவில் வாசகரின் குறை நேர்மையானது என்றே நாம் கருதுகிறோம். அதே வேளையில், மணிமேகலையின் மறைவை அடுத்து மணவிழாவொன்றை வைத்திருப்பின் அவளுடைய அன்பு சிறுமையுற்றிருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. இரண்டில் ஒன்றை இழக்கவேண்டிய இடத்தில், ஆசிரியர் விழாவை இழந்து துயரைக் காத்தார்.

மேனாட்டு இலக்கியத்திலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 1893ஆம் ஆண்டில் ஆர்தர் கானன் டாயில் தம் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் வீழ்த்தி முடித்தபோது வாசகர் கொதித்தெழுந்தனர். பத்தாண்டுகள் கழித்து, 1903இல் ஹோம்ஸ் உயிருடன் மீண்டார். அங்கே எழுத்தாளர் தம் முடிவையே மாற்றினார். கல்கியோ வாசகருக்கு மறுமொழி தந்தார், முடிவை மாற்றவில்லை. வாசகரை மதித்தலும் அவருக்கு அடிபணிதலும் ஒன்றல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

முடிவுரை வெளிவந்த அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் கல்கி மறைந்தார். அப்போது எழுதிவந்த 'அமரதாரா'வை அவர் முடிக்கவில்லை. அவருடைய மகள் ஆனந்தி அதனை நிறைவு செய்தார். இதனை எண்ணும்போது, முடிவு போதவில்லை என்று வாசகர் குறைகூறக் கேட்கும் வாய்ப்பும் ஓர் எழுத்தாளருக்குப் பெரும் பேறே என்று தோன்றுகிறது.

வாசகர் எழுப்பிய வினாக்கள் வீணாகவும் இல்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் கதையைத் தொடர்ந்தார். பாலகுமாரன் 'உடையா'ரில் இராசராசரின் ஆட்சிக்காலத்தைப் பல பாகங்களில் வரைந்தார். 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மணிரத்னம் இயக்கத்தில் இக்கதை இரு திரைப்படங்களாக வந்தபோது, சேந்தன் அமுதன் பற்றிய இரகசியம் விடப்பட்டு, மதுராந்தகரே முடிசூட்டப்பெற்றார். அது வரலாற்றுக்கு நெருங்கியது. ஆயினும் நூலில் தோய்ந்த வாசகர் பலர் அதனை ஏற்கவில்லை. ஒரு காலத்தில் மனக்குறை தந்த முடிவு, எழுபது ஆண்டுகளுக்குள் எவரும் மாற்றக்கூடாத முடிவாகிவிட்டது!

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மனோர் இல்லங்களில், இதழ்த் தாள்களைச் சேர்த்துத் தைத்த தொகுதிகளாக இக்கதை கைமாறி வந்திருக்கிறது. அடுத்த தலைமுறை அதனைப் படித்துவிட்டு 'பிறகு என்ன ஆயிற்று?' என்று கேட்குமாயின், கல்வெட்டையும் செப்பேட்டையும் நோக்கி அவர்களை ஆற்றுப்படுத்துவது நம் கடமை. கதை முடிந்த இடத்தில் வரலாறு தொடங்குகிறது. அந்த வாயிலைத் திறந்துவைத்தமையே தியாக சிகரத்தின் முடிவுக்கு உரிய சிறப்பு எனலாம்.