ஒரு நாவலும் மூன்று திரைப்படங்களும்

விக்டர் ஹியூகோ 1862ஆம் ஆண்டு வெளியிட்ட ‘லே மிசரபிள்’ என்னும் பெருநாவலைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழிலே தந்தார். சகோதரியின் குழந்தைகளது பசி தீர்க்கப் பாண் ஒன்றைத் திருடிய ஜீன் வால்ஜீன், தப்பியோட முயன்ற குற்றமும் சேர்ந்து, 19 ஆண்டுகள் சிறையில் வாடுகின்றான். மேற்றிராணியார் ஒருவரின் கருணை அவனைப் புது மனிதனாக்குகின்றது. ஜாவர் என்னும் பொலிஸ் அதிகாரியோ அவனை விடாது தொடர்கின்றான். சட்டம் பெரிதா, கருணை பெரிதா? இவ்வினாவுக்கு மூன்று நாட்டார் அளித்த விடைகளை அவர்தம் திரைப்படங்களிற் காணலாம்.

பிரான்சிலே 1934இல் ரேமொன் பெர்னார் இயக்கிய படம் மூன்று பாகங்களாக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓடுவது. 1832ஆம் ஆண்டுப் பாரிஸ் கிளர்ச்சி அதிலே விரிவாக இடம்பெறுகின்றது. பிரெஞ்சு மக்களுக்கு இது கதை மட்டுமன்று. தம் சொந்தச் சரித்திரம். படம் வெளிவந்த ஆண்டிலேயே பாரிஸ் வீதிகளில் மீண்டும் இரத்தம் சிந்தியது.

அடுத்த ஆண்டு ஹொலிவூட்டிலே ரிச்சர்ட் பொலெஸ்லாவ்ஸ்கி எடுத்த படம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைந்தது. அதில் வரும் மாணவர் புரட்சியை நாடாது சிறைச் சீர்திருத்தத்தையே வேண்டுகின்றனர். ஜாவர் ஆற்றில் வீழ்ந்து மாண்டதும் படமும் முடிந்துவிடுகின்றது. வளர்ப்பு மகளைப் பிரிந்து தனிமையில் நலிந்த வால்ஜீன் இறந்து, பெயரெழுதாத கல்லின் கீழ் அடங்கும் இறுதிப் பகுதி அங்கே இல்லை.

தமிழகத்தின் பட்சிராஜா நிறுவனத்துக்காக 1950இல் கே. ராம்நாத் இயக்கிய ‘ஏழை படும் பாடு’ வேறு வழி சென்றது. நாகையா நடித்த வால்ஜீன் அங்கே கந்தன் ஆனான். அதிகாரியின் பெயரோ ஜாவர் என்றே நின்றது. அவ்வேடம் தாங்கிய சீதாராமனை இறுதிவரை ஜாவர் சீதாராமன் என்றே உலகம் அழைத்தது. துன்புறும் ஏழை நம்மவனாகிவிட, துரத்தும் சட்டம் மட்டும் அந்நியப் பெயரோடு நின்றது பொருத்தமே எனத் தோன்றுகின்றது. அந்நிய ஆட்சி நீங்கி மூன்றாண்டே ஆகியிருந்த காலம் அது.

மூலத்தில் எத்தனை அத்தியாயங்கள் எஞ்சின என்று எண்ணுவது எளிது. ஆயினும், ஜாவர் மாண்ட பின்பும் ஹியூகோ கதையை ஏன் தொடர்ந்தார் என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும். துரத்தியவன் மறைந்தாலும், முன்னாட் கைதி என்னும் வடு ஏழையை விட்டு நீங்குவதில்லை. அவ்வுண்மையை உணர்த்தும் படமே மூலத்துக்கு அணித்தாய் நிற்பது.