கட்கிப் போரும் ஒற்றுச் செய்திகளும்: வேவுக்குறிப்பு வரலாறான விதம்

முன்னுரை

புனே நகருக்கு வடமேற்கே மூளா ஆற்றங்கரையில் அமைந்த கட்கி, இன்று படைக்குடியிருப்பாகவும் வெடிமருந்துத் தொழிற்சாலை அமைந்த ஊராகவும் அறியப்படுகிறது. ஆங்கிலேயர் ஆவணங்களில் இது ‘கிர்க்கி’ என வழங்கும். 1817 நவம்பர் 5 அன்று இவ்வூருக்கு அருகில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படைக்கும் கிழக்கிந்தியக் கும்பெனியின் படைக்கும் நிகழ்ந்த போர், மூன்றாம் ஆங்கிலேய - மராத்தியப் போரின் தொடக்கமாயிற்று. ஒரு பிற்பகலில் தொடங்கி இருள் சூழும் முன்னர் முடிந்த போர் அது. ஆனால் அதற்கு முன்னர் இரண்டாண்டுக் காலம் இரு தரப்பும் ஒருவரையொருவர் வேவு பார்த்து வந்தன. களத்தில் நிகழ்ந்தவற்றிற்கான காரணங்கள் பெரும்பாலும் அந்த வேவுக் காலத்திலேயே அமைந்துவிட்டன.

வள்ளுவர் ‘ஒற்றாடல்’ என்னும் 59ஆம் அதிகாரத்தில், ஓர் ஒற்றர் தரும் செய்தியை மற்றோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பதையும், தம்முள் அறியாத மூவரின் சொற்கள் ஒத்துவரும்போதே அச்செய்தி நம்பத்தக்கது என்பதையும் வலியுறுத்துகிறார். இவ்வளவுகோலைக் கொண்டு கட்கிப் போருக்கு முந்தைய செய்தித் திரட்டலை ஆராய்வதும், அச்செய்திகளே பின்னர் வரலாறாக எழுதப்பட்டபோது இவ்வளவுகோல் பின்பற்றப்பட்டதா என வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

ரெசிடெண்டும் செய்தி வலையும்

1802 டிசம்பர் 31இல் கையெழுத்தான பசீன் உடன்படிக்கையால் பேஷ்வா கும்பெனியின் துணைப்படையை ஏற்றார். அதன்பின் பூனா அரசவையில் கும்பெனியின் பேராளராகிய ரெசிடெண்டின் செல்வாக்கு வளர்ந்தது. 1811இல் அப்பொறுப்பை ஏற்ற மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன், 1803ஆம் ஆண்டின் அசாயிப் போரில் ஆர்தர் வெல்லெஸ்லியுடன் இருந்து மொழிபெயர்ப்புப் பணியையும் செய்தி திரட்டும் பணியையும் கவனித்தவர். நாகபுரியில் ரெசிடெண்டாகவும் காபூல் அரசவைக்குத் தூதராகவும் பணியாற்றியவர். எனவே செய்தி திரட்டுதல் அவருக்குப் பழகிய தொழிலே எனலாம்.

மூளா, முட்டா ஆறுகள் கூடும் ‘சங்கம்’ என்னுமிடத்தில் ரெசிடென்சி மாளிகை இருந்தது. அங்கு வந்து சேர்ந்த செய்திகள் பலவகையின. அரசவை நிகழ்ச்சிகளை அன்றாடம் எழுதியனுப்பும் செய்தியெழுத்தர், ஊர்தோறும் சென்று திரும்பும் அரிக்காரர், வட்டித் தொழில் செய்வோர், சிப்பாய்களின் உறவினர் எனச் செய்தி தந்தோர் பலராவர். பாலாஜிபந்த் நாத்து போன்ற உள்ளூர் அலுவலர்கள் இவ்வலையின் முக்கியக் கண்ணிகளாக விளங்கினர். பேஷ்வாவும் வாளாவிருக்கவில்லை; ரெசிடென்சியின் பணியாளர்களிடமிருந்து செய்தி பெற அவரும் முயன்றார். ஆகவே ஒரு தரப்பு மட்டும் ஒற்றறிந்தது, மறுதரப்பு அறியாமையில் இருந்தது என்று கருதுவது பொருந்தாது.

தாணேச் சிறை: மொழி அறியாக் காவல்

1815 சூலையில் பரோடாவின் கெய்க்வாட் அரசுக்காகப் பேச வந்த கங்காதர் சாஸ்திரி பண்டரிபுரத்தில் கொலையுண்டார். கும்பெனியின் பாதுகாப்பு உறுதியைப் பெற்று வந்தவர் அவர். பேஷ்வாவின் நம்பிக்கைக்குரிய திரிம்பக்ஜி டேங்ளே மீது குற்றம் சுமத்திய எல்பின்ஸ்டன், அவரைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு வற்புறுத்தினார். அவ்வாறே ஒப்படைக்கப்பட்ட திரிம்பக்ஜி தாணேக் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். இந்தியக் காவலர் மனம் மாறக்கூடும் என்னும் ஐயத்தால் ஐரோப்பியக் காவலரே அங்கு அமர்த்தப்பட்டனர்.

1816 செப்டம்பரில் திரிம்பக்ஜி தப்பினார். அதிகாரி ஒருவரிடம் குதிரைக்காரனாகச் சேர்ந்திருந்த மராத்தியன் ஒருவன், குதிரையை நடத்திச் செல்வதுபோலச் சிறைச் சன்னலின் கீழே மராத்திப் பாட்டுப் பாடி, அப்பாட்டின் வழியே தப்பும் திட்டத்தை உணர்த்தினான் என்பது அக்கால வழக்கு. கல்கத்தா ஆயர் ஹீபரின் பயணநூலும் இதனைப் பதிவு செய்கிறது. காவலர் செவியில் பாட்டு விழுந்தது, பொருள் விளங்கவில்லை. விலைக்கு வாங்கப்பட முடியாத காவலரைத் தேடிய கும்பெனி, மொழி அறியாத காவலரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

தமிழக வரலாற்றில் இதனோடு ஒப்பிடத்தக்க நிகழ்ச்சி உண்டு. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பின்னர்ப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்ட ஊமைத்துரை, 1801 பிப்ரவரி 2 அன்று கூட்டாளிகளின் துணையுடன் தப்பினார். கும்பெனியார் இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாள்களிலேயே மீண்டும் எழுந்து நின்றதைக் கண்டு படைத்தலைவர்கள் வியப்புற்றனர். அப்போரில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக்குறிப்பில் இதனை எழுதியுள்ளார். ஆயிரக்கணக்கானோர் கூடிக் கோட்டை கட்டிய செய்தி, படைமுகாமுக்கு உரிய நேரத்தில் எட்டவில்லை. தாணேயிலும் பாளையங்கோட்டையிலும் கும்பெனியின் ஒற்று தோற்ற இடம் அரசவையன்று. எளிய மக்களின் பேச்சு வழங்கிய இடமாகும்.

மலைப்பகுதிக் கிளர்ச்சியும் பூனா உடன்படிக்கையும்

1817ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சாதாராவை அடுத்த மகாதேவ் மலைப்பகுதியில் திரிம்பக்ஜி ஆள் திரட்டுவதாகச் செய்திகள் வந்தன. இராமோசி, பில் முதலிய குடிகளைச் சேர்ந்தோரும் குதிரைவீரரும் அக்கூட்டத்தில் இருந்தனர். தமக்கு ஏதும் தெரியாது எனப் பேஷ்வா மறுத்தார். ஆனால் பல திசைகளிலிருந்து வந்த செய்திகள், ஆள் திரட்டலுக்குப் பேஷ்வாவிடமிருந்தே பணம் செல்வதாக ஒத்துக் கூறின. இவற்றை ஒப்புநோக்கிய எல்பின்ஸ்டன் மே மாதத்தில் பூனாவைப் படையால் சூழச் செய்தார். திரிம்பக்ஜியை ஒப்படைக்க ஒரு மாதத் தவணை விதித்து, அதற்குப் பிணையாகச் சிங்ககட், புரந்தர், ராய்கட் கோட்டைகளைப் பெற்றார்.

1817 சூன் 13இல் கையெழுத்தான பூனா உடன்படிக்கை பேஷ்வாவின் நிலப்பகுதிகள் சிலவற்றைப் பறித்தது. மராத்தியக் கூட்டமைப்பின் தலைமையையும் பறித்தது. பிற அரசுகளில் தம் வக்கீல்களை வைத்துக்கொள்வதற்கும் பிற அரசுகளின் வக்கீல்களைத் தம் அவையில் ஏற்பதற்கும் தடை விதித்தது. வக்கீல்கள் வெறும் தூதர் அல்லர். அக்கால அரசுகளுக்கு முறையாகச் செய்தி தரும் வாயில்களும் அவர்களே. எனவே அவ்வுடன்படிக்கை பேஷ்வாவின் நிலத்தோடு அவருடைய கண்களையும் செவிகளையும் சேர்த்துப் பறித்தது எனலாம். வேவுச் செய்தி போரைத் தடுக்கும் என்பது பொதுவான எண்ணம். ஈண்டோ, ஒற்றின் வலிமையால் பெற்ற சான்றே கடும் உடன்படிக்கைக்குக் காரணமாகி, அவ்வுடன்படிக்கை பேஷ்வாவைப் போரின் பக்கம் தள்ளியது என்பது கருதத்தக்கது.

ஒரே மனிதர், இரு கணிப்புகள்

1817 ஆகஸ்டில் சாதாராவுக்கு அருகிலுள்ள மாகுலியில் பேஷ்வாவைச் சந்தித்தார் சர் ஜான் மால்கம். தம்மைப் பழைய நண்பராக வரவேற்ற பேஷ்வாவின் சொற்களில் மால்கம் நம்பிக்கை கொண்டார். பிண்டாரிகளை ஒடுக்குவதில் பேஷ்வா துணைநிற்பார் எனக் கருதி, பிணைக் கோட்டைகளைத் திருப்பித் தருவதை அவர் ஆதரித்தார். எல்பின்ஸ்டனுக்கு ஐயம் இருந்தும் கோட்டைகள் திருப்பித் தரப்பட்டன. பிண்டாரிப் போரைக் காரணம் காட்டியே பேஷ்வா வெளிப்படையாகப் படை திரட்டினார். அதே போருக்காகக் கும்பெனியின் தளபதி லயனல் ஸ்மித் தம் படையுடன் பூனாப் பகுதியை விட்டு வடக்கே நகர்ந்தார்.

மால்கம் ஒரு சந்திப்பை நம்பினார். எல்பின்ஸ்டன் பல வாய்களிலிருந்து வந்த செய்திகளை நம்பினார். இருப்பினும் மேலிடத்தின் போர்த்திட்டத்திற்கு ஏற்ற கணிப்பே அவ்வேளையில் செல்லுபடியாயிற்று. செய்தி சரியாக இருப்பது வேறு, அதைக் கேட்போர் அதற்குச் செவிசாய்ப்பது வேறு என்பதற்கு மாகுலிச் சந்திப்பு சான்றாகிறது.

அக்டோபர் இறுதியும் கட்கிக் களமும்

அக்டோபரில் மூவகைச் செய்திகள் ஒன்றையொன்று சாராமல் ரெசிடென்சிக்கு வந்தன. முதலாவது, தம்மைப் பணம் கொடுத்து இழுக்க முயல்வதாகச் சிப்பாய்களும் இந்திய அதிகாரிகளும் தம் மேலதிகாரிகளிடம் தெரிவித்தவை. இரண்டாவது, பேஷ்வாவின் அவையோடு தொடர்புடையோர் சொல்லியனுப்பியவை. மூன்றாவது, கண்ணால் காணக்கூடிய அடையாளங்கள்: பாபு கோகலேயின் தலைமையில் குதிரைப்படை பெருகியது, கும்பெனிப் படைமுகாம் அமைந்திருந்த கார்பீரைச் சுற்றிப் பேஷ்வாவின் வீரர்கள் நெருங்கிக் கூடாரமடித்தனர். தம்முள் அறியாத மூவரின் சொல் ஒத்தது.

அக்டோபர் இறுதியில் பம்பாயிலிருந்து ஐரோப்பியப் படைப்பிரிவு விரைந்து வந்து சேர்ந்தது. நவம்பர் 1 அன்று எல்பின்ஸ்டன் படையைக் கார்பீரிலிருந்து கட்கிக்கு மாற்றினார். முன்னரே மாற்றியிருந்தால் அதுவே பகைமையின் அறிவிப்பாகக் கொள்ளப்பட்டிருக்கும். இம்மாற்றத்தைப் பூனாவில் இருந்தோர் அச்சத்தின் அடையாளமாகப் புரிந்துகொண்டனர். கண்ணெதிரே நிகழ்ந்ததைத் தம் விருப்பத்திற்கேற்பப் பொருள்கொண்டதே பேஷ்வா தரப்பின் பெரும்பிழை எனலாம்.

நவம்பர் 5 அன்று எல்பின்ஸ்டன் சங்கத்தை விட்டு ஆற்றைக் கடந்து படையுடன் சேர்ந்தார். சிறிது நேரத்தில் ரெசிடென்சி சூறையாடப்பட்டுத் தீக்கிரையானது. அவருடைய நூல்களும் கையெழுத்துகளும் அழிந்தன. பேஷ்வா பர்வதிக் குன்றிலிருந்து போரைப் பார்த்தார். முதல் பீரங்கியைச் சுட வேண்டாம் என அவர் கடைசி நேரத்தில் ஆளனுப்பியதாகவும், அச்செய்தி வந்து சேரும் முன்னரே கோகலே போரைத் தொடங்கிவிட்டதாகவும் கிராண்ட் டஃப் எழுதுகிறார். தபோடியிலிருந்து வந்த ஃபோர்டின் படையையும் சேர்த்துக் கும்பெனி வீரர் ஏறத்தாழ 2,800 பேர். பேஷ்வாவின் படையில் 18,000 குதிரைவீரரும் 8,000 காலாளும் 14 பீரங்கிகளும் இருந்தன என்பது கிராண்ட் டஃப் தரும் கணக்கு. கோகலேயின் குதிரைப்படைப் பாய்ச்சல், கும்பெனி அணிக்கு முன்னே கிடந்த சேற்று நிலத்தில் சிக்கிக் குலைந்தது. தம் நாட்டின் நிலத்தையே பேஷ்வாவின் படை முன்கூட்டி அறிந்திருக்கவில்லை என்பது இதனால் புலனாகிறது. கும்பெனித் தரப்பில் மாண்டோரும் காயமுற்றோரும் 86 பேர். மராத்தியத் தரப்பில் ஏறத்தாழ 500 பேர் எனக் கூறப்படுகிறது. நவம்பர் 17 அன்று பூனா கும்பெனியின் கைக்கு வந்தது. 1818 சூன் மாதத்தில் பாஜிராவ் மால்கமிடம் சரணடைந்தார்.

வேவுக்குறிப்பு வரலாறாதல்

கட்கிப் போரைப் பற்றி இன்று அறியப்படுவனவற்றுள் பெரும்பகுதி ஜேம்ஸ் கிராண்ட் டஃப் 1826இல் வெளியிட்ட மராத்தியர் வரலாற்றிலிருந்து பெறப்பட்டது. அவர் எல்பின்ஸ்டனின் கீழ்ப் பணியாற்றியவர். அக்டோபர் இறுதி நாள்களில் பூனாவில் உடனிருந்தவர். தம் மகனுக்கு மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் என்றே பெயரிட்டார். அம்மகனே 1881 முதல் 1886 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. வேவு பார்த்த அலுவலகத்தின் உறுப்பினரே அவ்வேவின் வரலாற்றாசிரியராகவும் ஆனார்.

இதனால் இரு விளைவுகள் ஏற்பட்டன. முதலாவது, சொல் வழக்கு. திரிம்பக்ஜியின் ஆள்கள் கும்பெனிக் கடிதங்களில் கிளர்ச்சியாளர் எனவும் கொள்ளையர் எனவும் குறிக்கப்பட்டனர். ஆனால் அவர்கள் தம் அரசின் நிலத்தில், தம் அரசின் பணத்தால் திரட்டப்பட்டவர்கள் என்பதையும் அதே கடிதங்கள் கூறுகின்றன. இவ்விரு கூற்றுகளும் ஒருங்கே பொருந்துவது அரிது. இராமோசிகள் பின்னர் உமாஜி நாயக்கின் தலைமையில் கும்பெனியையே எதிர்த்தனர். உமாஜி 1832இல் புனேயில் தூக்கிலிடப்பட்டார். இன்று மராட்டியத்தில் அவர் விடுதலை வீரராகப் போற்றப்படுகிறார். இரண்டாவது, செய்தி தந்தோரின் நிலை. பூனா சனிவார் வாடாவில் ஆங்கிலக் கொடியை ஏற்றியவராகக் கருதப்படும் பாலாஜிபந்த் நாத்துவின் பெயர் மராத்தி வழக்கில் துரோகத்தின் குறியீடாயிற்று. ஒருவரின் நம்பிக்கைக்குரிய செய்தியாளர் மற்றவர்க்குத் துரோகியாகிறார். ஆவணம் இவ்விரண்டில் ஒன்றையே பதிவு செய்கிறது.

ரெசிடென்சி எரிந்தபோதும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் சென்ற படிகள் எஞ்சின. அவற்றை யதுநாத் சர்க்காரும் கோ.ச. சர்தேசாயும் முன்னின்று பூனா ரெசிடென்சிக் கடிதத் தொகுதிகளாக வெளிக்கொணர்ந்தனர். சர்தேசாய் 1930களில் பேஷ்வா தப்தரின் மோடி ஆவணங்களிலிருந்து 45 தொகுதிகளைப் பதிப்பித்தார். இவற்றால் கிராண்ட் டஃபின் ஒரு வாய்ச் சொல்லைப் பிற வாய்களோடு ஒப்பிடும் வாய்ப்பு உருவாயிற்று. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்து மோடி ஆவணங்களை ஆராயும் தமிழறிஞர்க்கும், பாளையக்காரர் போர்களைக் கும்பெனிக் கடிதங்களின் வழியே எழுதுவோர்க்கும் இது வழிகாட்டத்தக்கது.

முடிவுரை

கட்கியில் கும்பெனி வென்றதற்கு அதன் செய்திகள் மிகுதியாக இருந்தது மட்டும் காரணமன்று. ஒன்றையொன்று சாராத செய்திகளை ஒப்பிட்டுத் தெளிந்ததும் காரணமாகும். எளியோரின் மொழி விளங்காத தாணேயிலும், ஒரு சந்திப்பையே நம்பிய மாகுலியிலும் அது தவறியது. பேஷ்வாவோ தம் முடிவில் தாமே உறுதியின்றி, எதிரியின் அசைவைத் தம் விருப்பப்படி பொருள்கொண்டார். எல்பின்ஸ்டன் தம் ஒற்றர்களிடம் கையாண்ட எச்சரிக்கையை, எல்பின்ஸ்டனின் குறிப்புகளிடமும் வரலாற்றாசிரியர் கையாள வேண்டும். வேவுக்குறிப்பு ஒரு சான்றே, தீர்ப்பு அன்று. தம்முள் அறியாத மூவரின் சொல் ஒத்துவரும் வரை அதனை ஐயத்தோடு அணுகுவதே வள்ளுவர் காட்டும் நெறிக்கும் வரலாற்று நெறிக்கும் பொதுவான முறையாகும்.