பேர்குசன் நகரின் வரவு செலவு

ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலே, சென் லூயிஸ் மாநகரின் வடபுறத்தில், பேர்குசன் என்னும் புறநகர் இருக்கின்றது. 1855ஆம் ஆண்டில் வில்லியம் பேர்குசன் என்னும் நிலவுடைமையாளர் புகையிரதக் கம்பெனிக்குப் பத்து ஏக்கர் நிலம் கொடுத்தார். அங்கே நிலையம் ஒன்றை அமைத்து அதற்குத் தம் பெயரை இடவேண்டும் என்பதே அவர் கேட்ட கைம்மாறு.

நிலையத்தைச் சுற்றி வளர்ந்த அவ்வூரில் நெடுங்காலம் வெள்ளையரே வாழ்ந்தனர். அயலிலே கின்லொக் என்னும் கறுப்பினத்தவரின் ஊர். இரண்டையும் இணைத்த பிரதான வீதி 1960கள் வரை சங்கிலியாலும் கட்டடப் பொருள்களாலும் அடைபட்டிருந்தது. மற்றொரு வீதி மட்டும் பகலில் திறந்திருக்கும். வீட்டு வேலைக்கும் பிள்ளை பராமரிப்புக்கும் வரும் கின்லொக் பெண்கள் போய்வர வேண்டுமல்லவா!

கறுப்பினத்தவருக்கு வீடு விற்பதில்லை என்ற ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என 1948இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு எழுந்ததே சென் லூயிஸில்தான். ஆயினும் 1968ஆம் ஆண்டின் வீட்டுரிமைச் சட்டத்தின் பின்னரே பேர்குசனின் கதவு மெல்லத் திறந்தது. 1970ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு நூற்றுக்கு 99 பேர் வெள்ளையர். கறுப்பினத்தவர் 1990இல் நூற்றுக்கு 25 பேராயினர், 2000இல் 52, 2010இல் 67. விமான நிலையத்துக்காகக் கின்லொக் வீடுகள் வாங்கப்பட்டபோது அங்கிருந்தும் பலர் பெயர்ந்து வந்தனர். வெள்ளையரோ மேலும் மேற்கே சென்றனர்.

வந்தவர்களால் ஊர் வறுமைப்பட்டது என்பார் உளர். அது அவசரத் தீர்ப்பு. வந்தோரிற் பலர் நிலையான வேதனம் பெற்ற நடுத்தர வகுப்பினர். 2006இல் அயலூரான ஹேசல்வூட்டில் இயங்கிய போர்ட் மோட்டார்த் தொழிற்சாலை மூடப்பட்டது. 2008இன் பொருளாதார நெருக்கடி அதனைத் தொடர்ந்தது. 2000இல் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாயிருந்த வேலையின்மை, அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுள் பதின்மூன்றைத் தாண்டியது. வேலை இருந்தோரின் சராசரி உழைப்பும், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், மூன்றிலொரு பங்கு குறைந்தது. 2012 அளவில் நால்வரில் ஒருவர் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தார்.

குடும்பங்களின் வரவு சுருங்கியது. நகரசபையின் செலவு சுருங்கவில்லை. இடைவெளியை நிரப்பத் தண்டப்பணம் உதவியது. 2010ஆம் நிதியாண்டில் பதின்மூன்று லட்சம் டொலருக்கு மேல் கிடைத்த இவ்வருவாய், 2015இல் முப்பது லட்சத்தைத் தாண்டும் என மதிப்பிடப்பட்டது. குற்றச் சீட்டுகள் பெருகாவிடின் வசூலும் பெருகாதென நிதி அதிகாரி பொலிஸ் தலைவருக்கு எழுதிய கடிதமும் பின்னர் வெளிப்பட்டது. முற்றத்துப் புல் உயர்ந்தால் தண்டம். வீதியில் நடந்த விதத்துக்கும் தண்டம். வாகனத்தைத் தகாத இடத்தில் நிறுத்தியதற்காக 2007இல் 151 டொலரும் கட்டணங்களும் விதிக்கப்பட்ட ஓர் ஏழைப் பெண், தவணை தவறியதாற் பிடிவிறாந்துக்கு ஆளாகி ஆறு நாள் சிறையிலிருந்தாள். ஏழாண்டுகளில் 550 டொலர் செலுத்தினாள். 2014 டிசம்பரில் அவள் இன்னும் செலுத்தவேண்டியிருந்தது 541 டொலர்!

2014 ஆகஸ்ட் 9ஆம் நாள், நிராயுதபாணியான மைக்கல் பிரவுண் என்னும் பதினெட்டு வயது இளைஞன் பொலிஸ்காரர் ஒருவராற் சுடப்பட்டு இறந்தான். ஊர் கொந்தளித்தது. அப்பொழுது மேயர் வெள்ளையர்; நகரசபை உறுப்பினர் அறுவரில் ஒருவரே கறுப்பினத்தவர். இந்தத் தண்ட முறையை மத்திய நீதித் திணைக்களம் 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை அம்பலமாக்கியது. அடுத்த மாதத் தேர்தலில் கறுப்பின உறுப்பினர் மூவராயினர். 2020 யூனில் எல்லா ஜோன்ஸ் என்னும் மாது பேர்குசனின் முதற் கறுப்பின மேயராகத் தெரிவானார்.