அசிடேட் மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள்

செல்லுலோஸ் அசிடேட் தகட்டை அறுத்து, அராவி, மெருகேற்றிச் செய்யப்படும் மூக்குக்கண்ணாடிச் சட்டம் (பிரேம்) அசிடேட் சட்டம் எனப்படும். ஆமை ஓட்டுக்கு மாற்றுத் தேடியதில் தொடங்கிய வரலாறு இதனுடையது.

ஆமை ஓடும் செல்லுலாய்டும்

19-ஆம் நூற்றாண்டில் சீப்பு, பொத்தான், கண்ணாடிச் சட்டம் ஆகியவற்றை விலங்குக் கொம்பிலும் அழுங்காமையின் ஓட்டிலும் செய்தனர். ஆமை ஓடு சூட்டில் வளையும், தேய்த்தால் பளபளக்கும். இந்தப் பண்புகளே அவ்வுயிரினத்துக்குக் கேடாயின. பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் 1977-இல் அழுங்காமை முழுமையாக இடம்பெற்றது.

அதற்கு வெகு முன்பே மாற்றுப் பொருள் வந்துவிட்டது. தந்தத்தாலான பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்றுத் தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹயாட், 1869 அளவில் நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் கலந்து செல்லுலாய்டை உருவாக்கினார். ஆமை ஓட்டின் நிறத்தை அதில் எளிதாகக் கொண்டுவர முடிந்தது. ஆனால் அது விரைவில் தீப்பற்றியது. அராவும்போது பறக்கும் தூளே தொழிலாளருக்கு ஆபத்தாக இருந்தது.

அசிடேட்டின் வருகை

பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு அல்லது மரக்கூழிலிருந்து கிடைக்கும் செல்லுலோஸை அசிட்டிக் அமிலச் சேர்மங்களுடன் வினைபுரியச் செய்தால் செல்லுலோஸ் அசிடேட் கிடைக்கும். பிரெஞ்சு வேதியியலர் பால் ஷூட்சென்பெர்கர் 1865-இல் இதை ஆய்வகத்தில் உருவாக்கினார். செல்லுலாய்டு போல இது எளிதில் தீப்பற்றாது. முதல் உலகப் போரில் விமான இறக்கைத் துணிக்குப் பூச்சாகவும், பின்னர் பாதுகாப்பான படச்சுருளாகவும் பயன்பட்டது. இத்தாலியின் காஸ்டிலியோனே ஓலோனாவில் 1849-இல் சீப்பும் பொத்தானும் செய்யத் தொடங்கிய மாட்சுக்கெல்லி நிறுவனம், இன்று அசிடேட் தகடுகளுக்குப் பெயர் பெற்றது.

அசிடேட்டின் மூலப்பொருள் தாவரமே. எனினும் அதை வளையச் செய்ய நெகிழ்விப்பான் என்னும் வேதிப்பொருளும் சேர்க்கப்படுவதால், முற்றிலும் இயற்கைப் பொருள் எனக் கூற இயலாது.

செய்முறை

பல நிறத் துண்டுகளை அழுத்திக் கட்டியாக்கித் தகடுகளாகச் சீவுவர். அவற்றை நன்கு உலர்த்த வேண்டும். ஈரம் நீங்காத தகட்டில் செய்த சட்டம் பின்னர் கோணிவிடும். தகட்டில் வில்லைக்கான துளைகளை வெட்டி, உள்விளிம்பில் பள்ளம் எடுத்தபின் வெளி வடிவை அறுப்பர். மூக்கில் பதியும் பகுதியை ஒட்டி, சூடேற்றி முகத்துக்கேற்ப வளைப்பர். காதில் மாட்டும் கைகளுக்குள் பெரும்பாலும் உலோகக் கம்பி செலுத்தப்படும். கீல்களைச் சூட்டில் பதிப்பர் அல்லது தறையாணியால் இறுக்குவர்.

அடுத்து, மரத்துண்டுகளும் மெருகுத்தூளும் நிறைந்த உருளையில் சட்டங்களைப் பல நாட்கள் சுழலவிடுவர். அரத்தாலும் மெருகுச் சக்கரத்தாலும் கையால் முடிப்பதே இறுதி வேலை. விளிம்பு எங்கே கூராக நிற்க வேண்டும், எங்கே உருள வேண்டும் என்பதை விரல்தான் அறியும்.

சபேயின் தொழில்

ஜப்பானின் ஃபுக்குய் மாநிலத்தில் பனிக்காலத்தில் உழவு நின்றுவிடும். அக்காலத்தில் வருவாய் வேண்டி, மசுனாகா கோசயெமோன் 1905-இல் ஒசாகாவிலிருந்து கைவினைஞரை வரவழைத்து ஊராருக்குக் கண்ணாடித் தொழில் கற்பித்தார். தொடக்கத்தில் பித்தளைச் சட்டங்களே செய்யப்பட்டன. செல்லுலாய்டும் அசிடேட்டும் பின்னர் வந்தன. தலைமைக் கைவினைஞர் ஒருவரின் கீழ்ச் சீடர்கள் குழுவாகப் பயின்றனர். குழுக்களிடையே போட்டியும் நிலவியது. இன்று ஜப்பானில் தயாராகும் சட்டங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் சபே நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவை.

அச்சில் வார்க்கும் மலிவான சட்டங்களில் நிறம் பெரும்பாலும் மேற்பூச்சே, தேய்ந்தால் போய்விடும். அசிடேட்டில் நிறம் தகட்டின் உள்ளேயும் இருப்பதால், மங்கிய சட்டத்தை மீண்டும் மெருகேற்றலாம். தளர்ந்த கைகளைச் சூடேற்றி நேராக்கலாம்.