எலியின் சாட்சி: நீரிழிவு மறதியும் மூலிகை ஆய்வுகளும்

நீரிழிவு உள்ள பெரியவருக்கு மறதி தட்டத் தொடங்கினால் வீட்டார் வாயில் முதலில் வரும் பெயர் வல்லாரை. ஆய்வேடுகளும் அதற்குத் துணை நிற்கின்றன. வல்லாரை, நீர்ப்பிரமி, மஞ்சள், அமுக்கரா என எதைக் கொடுத்தாலும் நீரிழிவு எலிக்கு நினைவாற்றல் மீள்வதாக அவை சொல்கின்றன. எதைக் கொடுத்தாலும் மீள்கிறது என்பதே என் ஐயம்.

அந்த எலியை நோயாளியாக்கும் முறையைப் பார்க்கவேண்டும். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற வேதிப்பொருளை ஊசிவழி செலுத்தினால் கணையத்தின் பீட்டா செல்கள் அழியும். இன்சுலின் வற்றி, சர்க்கரை எகிறும். சில வாரம் கழித்து, கலங்கிய நீர்த்தொட்டியில் மூழ்கிக் கிடக்கும் மேடையைத் தேடி எலி நீந்தவேண்டும். மூலிகை உண்ட எலி விரைவில் மேடையேறுகிறது. மூலிகை மூளையில் வேலை செய்ததா, அல்லது சர்க்கரை தணிந்து உடல் தேறிய எலி நன்றாக நீந்தியதா? இன்சுலின் கொடுத்த எலிகளையும் அருகில் வைத்து ஒப்பிட்டாலொழிய இதைப் பிரித்தறிய முடியாது. மேலும் இது இன்சுலினே இல்லாத எலி. நம் பெரியவருக்கோ இரண்டாம் வகை நீரிழிவு: இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை, இருபது ஆண்டுகளாக மூளையின் நுண்குழாய்கள் சிதைந்து வந்திருக்கின்றன, கூடவே இரத்த அழுத்தம்.

சர்க்கரை தணிந்தால் நினைவு தேறும் என்பதும் மனிதரில் உறுதிப்படவில்லை. 2011-இல் வெளியான அக்கார்டு-மைண்ட் ஆய்வில் 2,977 நோயாளிகள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியை (HbA1c) 6 விழுக்காட்டுக்குக் கீழே இறக்க முயன்ற குழுவுக்கு 40 மாத முடிவில் மூளைச் சுருக்கம் சற்றுக் குறைந்திருந்தது. அறிதிறன் தேர்வில் வேறுபாடு இல்லை. வீரியமான மருந்துகளுக்கே கைகூடாததை, சர்க்கரையைச் சிறிதளவு குறைக்கும் இலை அதே வழியில் சாதிக்கும் என்பதற்குத் தனிச் சான்று வேண்டும்.

தாவரம் மருந்தாகாது என்பதல்ல என் வாதம். நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினின் மூதாதை கலேகா என்ற ஐரோப்பியச் செடி. அல்சைமர் நோய்க்குத் தரும் கலன்டமைன் பனித்துளிப் பூச்செடி வழி வந்தது. ஆனால் இவற்றில் மூலக்கூறு தெரியும், அளவு தெரியும். பெரும்புகழ் பெற்ற ஜிங்கோ 2008-இல், 75 வயது கடந்த 3,069 பேரிடம் நடந்த சோதனையில் மறதிநோயைத் தடுக்கவில்லை. நீர்ப்பிரமிக்கு ஓரளவு மனிதச் சான்று உண்டு: நாளுக்கு 300 மில்லிகிராம் சாரம், பன்னிரண்டு வாரம். பங்கேற்றோர் நலமுடையோர், நீரிழிவாளர் அல்லர். இதில் பெயர்க் குழப்பம் வேறு. வடக்கே ‘பிராமி’ என்ற ஒரே சொல் நீர்ப்பிரமி, வல்லாரை இரண்டையும் குறிக்கும். வல்லாரை கொத்துமல்லிக் குடும்பம். நீர்ப்பிரமிக்கு அதனோடு உறவில்லை. தாவரப் பெயரின்றிப் ‘பிராமி’ என்று மட்டும் எழுதும் கட்டுரையை நான் சான்றாகக் கொள்வதில்லை.

வேறொரு கணக்கும் உண்டு. மெட்ஃபார்மினை நெடுநாள் உட்கொண்டால் உயிர்ச்சத்து பி12 குறையலாம்; அந்தக் குறையே மறதியாக வெளிப்படலாம். இரத்தத்தில் அதை அளந்து பார்க்காமல் வல்லாரைக்குப் போனால் திருத்தக்கூடிய காரணம் கைநழுவும். சர்க்கரையைக் கடுமையாக இறக்கும் மாத்திரையோடு, சர்க்கரைக்கென உண்ணும் சிறுகுறிஞ்சான் மூலிகையும் சேர்ந்தால் தாழ்சர்க்கரை வரலாம். மருத்துவமனை வரை கொண்டுபோகும் தாழ்சர்க்கரைக்கும் பிற்கால மறதிநோய்க்கும் தொடர்பிருப்பதை 2009-இல் 16,667 முதியோரிடம் கண்டார்கள். எது காரணம், எது விளைவு என்பது விவாதத்துக்குரியதுதான். ஆனாலும் எச்சரிக்கையாக அது போதும். வல்லாரையைத் துவையலாக அரைத்து உண்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் வல்லாரை லேகியம் நீரிழிவாளருக்கு வேண்டாம்; அது வெல்லப்பாகில் கிண்டுவது.