முட்டைக்குக் காவல் யார்?
மன்னார் வளைகுடாக் கடலாமைகளின் வரலாறு

நெய்தல் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணுவோர் சுறாவையும் முதலையையும் நாரையையும் முதலிற் கூறுவர். ஆமையை அத்துணை விரைவில் நினைப்பதில்லை. ஆயினும் கடற்கரை மணலில் ஆமை முட்டையிடும் காட்சியைத் தமிழ்க் கவிதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கூர்ந்து கண்டுள்ளது. குமிழி ஞாழலார் நப்பசலையார் என்னும் பெண்பாற் புலவர் பாடிய அகநானூற்று 160ஆம் பாடல் இதற்குச் சான்று. அடும்பங்கொடி சிதையுமாறு இழுத்து, உப்பங்கழியருகே குவிந்த வெண்மணலில், நிறைசூல் கொண்ட ஆமை முட்டைகளை மறைத்துப் புதைக்கிறது. அம்முட்டைகளின் வடிவத்தையும் புலால் நாற்றத்தையும்கூடப் புலவர் விடவில்லை. குஞ்சு வெளிப்படும் காலம் வரை ஆண் ஆமை அவற்றைக் காத்து நிற்பதாகவும் பாடுகிறார்.

இப்பாடலின் ஏனைய செய்திகள் யாவும் இன்றைய உயிரியல் ஏற்பன. இறுதிச் செய்தி ஒன்றே மாறுபடுகிறது. கடலாமையில் ஆண் கரையேறுவதில்லை. பெண்ணும் குழிதோண்டி ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு, மணலால் மூடி, அன்றிரவே கடலுக்குத் திரும்பிவிடும். மணலின் வெப்பமே முட்டையை அடைகாக்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும் குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கின்றன. ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் வெளிவரும் குஞ்சுகள், தாயையோ தந்தையையோ காணாமலே கடலின் ஒளியை நோக்கி ஓடுகின்றன.

காவலற்றுக் கிடக்கும் முட்டை தமிழர் சிந்தனையை விடாது பற்றியிருந்தது போலும். ஐங்குறுநூற்றில் பொய்கை ஆமையின் குஞ்சு தாயின் முகம் நோக்கி வளர்வதாகக் கூறப்படுகிறது. மீன் பார்வையாலும் பறவை தொடுகையாலும் ஆமை நினைவாலும் தம் முட்டையைப் பொரிக்கச் செய்யும் என்ற நம்பிக்கையைச் சைவ மரபு, நயனம், பரிசம், மானதம் என்னும் மூவகைத் தீக்கைகளுக்கு உவமையாக்கியது. கணவனின் காவல், தாயின் முகம், தாயின் நினைவு என மூன்று வகையாக முட்டைக்கும் குஞ்சுக்கும் ஒரு துணையைத் தமிழ் மனம் கற்பித்தது. இயற்கையோ எதையும் வைக்கவில்லை. அவ்வெற்றிடத்தை மனிதன் நிரப்பினானா என்பதே கடலாமையின் பிற்கால வரலாறு.

உண்ட வரலாறு

தமிழர் ஆமையைப் போற்றியது போலவே உண்டும் இருக்கின்றனர். பன்றி கிளறிய சேற்றில் விளையாடும் மகளிர் ஆம்பற் கிழங்கோடு ஆமை முட்டையையும் பெறுவதைப் புறநானூற்று 176ஆம் பாடல் காட்டுகிறது. உழவர் கள்ளோடு ஆமையின் வெந்த இறைச்சியை உண்டதைப் பிசிராந்தையாரின் 212ஆம் பாடல் தெரிவிக்கிறது. இவை நன்னீர் ஆமைகளைக் குறிப்பன. ஒருபுறம் ஐந்தடக்கத்திற்கு ஆமையைத் திருவள்ளுவர் உவமையாக்கினார். மறுபுறம் ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பழமொழி அஞ்சியது. உவமையாகவும் உணவாகவும் தீநிமித்தமாகவும் ஆமை ஒரே சமூகத்தில் வாழ்ந்தது.

விளாத்திகுளமும் வேம்பாரும்

விளாத்திகுளம் என்றவுடன் நினைவுக்கு வருவது கரிசல் மண். எனினும் அவ்வூரைத் தொட்டுச் செல்லும் வைப்பாறு கிழக்கே சென்று மன்னார் வளைகுடாவிற் கலக்கிறது. விளாத்திகுளம் வட்டத்தின் கடற்கரையில் வேம்பார் உள்ளது. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை வரிசையாக அமைந்த 21 தீவுகள் மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாகப் பகுக்கப்பெறும். உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணி ஆகியவை வேம்பார்த் தொகுதியைச் சார்ந்தவை. கரிசற் காட்டில் பெய்யும் மழை ஆமை மேயும் இக்கடலையே சென்று சேர்கிறது.

இந்தியக் கடல்களில் காணப்பெறும் ஐவகைக் கடலாமைகளும் இவ்வளைகுடாவில் பதிவாகியுள்ளன. கடற்புல்லை மேயும் பேராமை, பவளப் பாறைகளில் கடற்பஞ்சைத் தின்னும் அழுங்காமை, பங்குனி ஆமை எனப்படும் சிற்றாமை, பெருந்தலை ஆமை, எல்லாவற்றிலும் பெரிதான ஏழுவரி ஆமை என்பன அவை. இப்பெயர்கள் மக்கள் வழக்கில் விளைந்தவை. சிற்றாமை முட்டையிடும் பருவத்தை அதன் பெயரிலேயே வைத்த கடலோர மக்களின் கூர்மை வியத்தற்குரியது.

வணிகத்தின் காலம்

முத்துக்குப் புகழ்பெற்ற இக்கடலில் ஆமையும் நெடுங்காலம் வணிகப் பொருளாயிற்று. பாம்பன், தூத்துக்குடிப் பகுதிகளில் வலையிட்டுப் பிடித்த பேராமைகளை உயிரோடு வைத்திருந்து விற்றனர். யாழ்ப்பாணத்திற்கும் அவை சென்றன. அழுங்காமையின் ஓடு அணிகலன்களுக்கும் சீப்புகளுக்கும் பயன்பட்டது. தூத்துக்குடியில் ஆமையின் இரத்தத்தை மருந்தென்று பருகியவரும் உண்டு. மண்டபத்திலிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். ஜோன்ஸ், ஏ. பாஸ்டியன் பெர்னாண்டோ ஆகியோர் 1968இல் அளித்த ஆய்வு, மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 முதல் 4,000 ஆமைகள் பிடிபட்டதாக மதிப்பிட்டது. அவற்றுள் பெரும்பான்மை பேராமை. அது இனப்பெருக்கத்திற்கு முதிரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே, பிடிபட்ட ஒவ்வொரு பெரிய ஆமையின் இழப்பையும் ஈடுசெய்ய ஒரு தலைமுறைக் காலம் வேண்டும்.

முத்துக்குளிப்பின் இறுதித் தொடர் 1961இல் முடிவுற்றது. சிப்பிப் படுகைகள் வறண்டதைத் தூத்துக்குடி கண்கூடாகக் கண்டது. ஆமையின் குறைவோ ஆரவாரமின்றி நிகழ்ந்தது.

சட்டமும் சரணாலயமும்

1972இல் இயற்றப்பெற்ற வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஐவகைக் கடலாமைகளும் 1977இல் இடம்பெற்றன. பிடிப்பதும் விற்பதும் அன்றுமுதல் குற்றமாயின. 1970களின் தொடக்கத்திலேயே சென்னைக் கடற்கரையில் ராமுலஸ் விட்டேக்கரும் இளைஞர் சிலரும் இரவில் நடந்து முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கத் தொடங்கியிருந்தனர். 1988இல் மாணவர்கள் தமக்கென அமைப்பொன்றை நிறுவி அப்பணியைத் தொடர்ந்தனர். நப்பசலையார் ஆண் ஆமைக்கு அளித்த காவற்பணியைக் கல்லூரி மாணவர் ஏற்றனர் எனலாம்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் 560 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது. ஆமையைக் காத்தால் மட்டும் போதாது, ஆமை மேயும் புல்லையும் தங்கும் பாறையையும் காக்க வேண்டும் என்ற அறிவு இதனால் நிலைபெற்றது. எனினும் அதற்குள் இழப்பு நேர்ந்திருந்தது. சுண்ணாம்பிற்காகப் பல்லாண்டுகள் பவளப் பாறைகள் வெட்டப்பெற்றன. பவளம் 2001இல்தான் முதல் அட்டவணையில் சேர்ந்தது. அலையைத் தடுத்த பாறை போனபின் மணல் நிற்கவில்லை. தூத்துக்குடித் தொகுதியின் விலாங்குச்சல்லியும் கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டியும் கடலுள் மூழ்கின. அரிக்கப்பட்ட வான்தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகள் இட வேண்டியதாயிற்று.

வலையின் வழக்கு

இன்று கடலாமையைக் கொல்வது பெரும்பாலும் உண்ணும் வேட்கை அன்று. வேறொன்றிற்காக விரித்த வலை. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். விசைப்படகின் இழுவைமடியில் சிக்கி நீரடியில் நெடுநேரம் கிடந்தால் அது மூச்சுத் திணறி இறக்கிறது. மடியின் உள்ளே கம்பித் தட்டி வைத்து, ஆமை வெளியேற வாயில் அமைக்கும் விலக்குக் கருவி உண்டு. அதன்வழி இறாலும் மீனும் தப்பிவிடும் என்பது மீனவர் குறை. அக்கருவியின்றிப் பிடித்த இறாலை அமெரிக்கா மறுத்தபோது, இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகள் உலக வணிக அமைப்பில் வழக்கிட்டன. 1998இல் வந்த தீர்ப்பு, ஆமையைக் காக்கும் நோக்கத்தை ஏற்றது. அமெரிக்கா அதனைப் பாரபட்சமாகச் செயற்படுத்தியதைக் கண்டித்தது. வழக்கு முடிந்தும் சிக்கல் தீரவில்லை. 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிற்றாமைகள் இறந்து ஒதுங்கின. அது முட்டையிடும் பருவம் என்பது எண்ணத்தக்கது.

காவலின் சுமை எவர்மீது விழுகிறது என்பதையும் வரலாறு மறைத்தல் ஆகாது. தீவுகளில் கால்வைக்கத் தடை வந்தபின், தலைமுறைகளாகப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களின் தொழில் சுருங்கியது. பவளத்தை வெட்டுவித்து ஈட்டியவர்க்கு அத்தகைய இடர் நேரவில்லை. கடலில் ஆமையை முதலிற் காண்பவர் மீனவர். வலையை அறுத்து அதனை விடுவிக்க வல்லவரும் அவரே. அறுந்த வலையின் விலை அவருக்கு ஈடுசெய்யப்பட்டால்தான் சட்டத்தின் காவல் கடலுள் இறங்கும்.

முட்டைக்குக் காவல் உண்டு என்று சங்கப் புலவர் பாடியது உயிரியல் உண்மையன்று. அது இருந்தே ஆகவேண்டும் என்ற விழைவு. 1977இன் சட்டமும் 1986இன் பூங்காவும் அவ்விழைவின் சிறு பகுதியையே நிறைவேற்றியுள்ளன. கரையிற் செயற்கை ஒளி குறைதலும், வைப்பாறு தூய்மையாகக் கடல் சேர்தலும், மீனவர்க்கு நட்டம் நேராத நெறியில் வலை மாறுதலும் எஞ்சிய பகுதி. நெய்தலைப் பாடும் புலவர் இனி அடும்பங்கொடியைப் பாடும்போது, அதன் கீழ்ப் புதைந்துள்ள முட்டைக்கும் ஒரு சொல் உரியதாகுக.