வீட்டுச் சிகிச்சையும் தாயின் நேரமும்

மூளையில் பாதிப்போடு பிறந்த குழந்தையின் பெற்றோருக்கு மருத்துவ உலகம் சொன்ன யோசனை, இருபதாம் நூற்றாண்டுக்குள்ளேயே தலைகீழாகப் புரண்டது. நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல மருத்துவர்கள் சொன்னது, குழந்தையை விடுதியில் சேர்த்துவிட்டு அடுத்த பிள்ளையைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்பது. பிற்பாதியில், எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது, நாள் முழுக்க உழைத்தால் குழந்தை தேறும் என்று ஒரு குரல் உரக்கக் கேட்டது. எதிரெதிராகத் தோன்றும் இந்த இரண்டு யோசனைகளிலும் ஒரே குறை இருந்தது. தாய்க்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உண்டு, அவள் உடம்பில் எவ்வளவு வலு உண்டு என்று இரண்டுமே கேட்கவில்லை. வீட்டுச் சிகிச்சையின் வரலாற்றில் நிலைத்து நின்றவை அந்தக் கேள்வியைக் கேட்ட முறைகள்தான் என்பதே இங்கே என் வாதம்.

1861இல் லண்டன் மகப்பேறு மருத்துவச் சங்கத்தில் வில்லியம் ஜான் லிட்டில் ஒரு கட்டுரை வாசித்தார். கடினமான பிரசவம், குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் ஏற்படும் மூச்சுத்திணறல் ஆகியவை பிற்பாடு குழந்தையின் கைகால் விறைப்புக்குக் காரணமாகலாம் என்றார். இன்று மூளை முடக்குவாதம் என்று நாம் சொல்லும் நிலையைப் பற்றிய தொடக்ககால விளக்கங்களில் முக்கியமானது அது. 1897இல் இதைப் பற்றி ஒரு பெருநூலே எழுதிய சிக்மண்ட் ஃப்ராய்ட், கருவிலேயே நேர்ந்துவிட்ட கோளாறுதான் பிரசவத்தையும் கடினமாக்கியிருக்கலாமே என்று ஐயுற்றார். காரணம் பற்றிய இந்த விவாதம் மருத்துவத்துக்குத் தேவையானதுதான். ஆனால் விறைத்த தாடையுள்ள பிள்ளைக்குச் சோறூட்டுவது எப்படி என்று கேட்ட தாய்க்கு இரண்டு பேரிடமும் பதில் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பப் பெற்றோர்களே கிளம்பினார்கள். அமெரிக்காவில் 1940களின் இறுதியில் யுனைடெட் செரிப்ரல் பால்சி அமைப்பு உருவானதற்கும், பிரிட்டனில் 1952இல் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி தொடங்கப்பட்டதற்கும் முன்னின்றவர்கள் இத்தகைய பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான்.

இரண்டாவது யோசனை ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்தது. அங்கே 1955இல் நிறுவனம் தொடங்கிய பிசியோதெரபிஸ்ட் கிளென் டோமன், நரம்பு அறுவை மருத்துவர் டெம்பிள் ஃபேயின் கருத்தை அடித்தளமாகக் கொண்டார். மீன், ஊர்வன, பாலூட்டி என்ற பரிணாமப் படிகளை ஒவ்வொரு குழந்தையின் அசைவும் திரும்ப நடந்து கடக்கிறது, விட்டுப்போன படியைத் திணித்தால் மூளை சீராகும் என்பது அந்தக் கருத்து. குழந்தையை மேசையில் குப்புறக் கிடத்தி, ஒருவர் தலையையும் மற்றவர்கள் கைகால்களையும் பிடித்துத் தவழும் அசைவைச் செய்விக்க வேண்டும். நாளுக்குப் பல தடவை, வாரத்தின் ஏழு நாளும் இது நடக்க வேண்டும். அக்கம்பக்கத்தாரும் தேவாலயத்துக்கு வருவோரும் முறைவைத்து வந்து கைகொடுக்க, வீட்டுக் கூடம் சிகிச்சைக்கூடமானது. 1960இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் டோமன் குழுவினர் 76 குழந்தைகளின் முன்னேற்றத்தை வெளியிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு எதுவும் அதில் இல்லை. குழந்தை வளர்வதாலேயே வந்த மாற்றம் எது, பயிற்சியால் வந்தது எது என்று பிரித்துச் சொல்ல அந்த அறிக்கையால் முடியாது. 1968இல் பல மருத்துவ அமைப்புகள் கூட்டாக எச்சரிக்கை விடுத்தன. மறுத்தால் நல்ல பெற்றோரே அல்ல என்ற பழிக்கு ஆளாகும் நிலையில் குடும்பத்தை நிறுத்துவது இந்த முறையின் கேடுகளில் ஒன்று என்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1982இலும் 1999இலும் அதையே மறுபடி சொன்னது.

டோமனுக்காகப் பேச ஒரு நியாயம் உண்டு. மற்றவர்கள் கைவிட்ட பிள்ளையை அவர் கையிலெடுத்தார்; பெற்றோரைச் செயலற்றுக் காத்திருக்கும் நிலையிலிருந்து விடுவித்தார். இது உண்மை, அந்த முறை பரவியதற்குக் காரணமும் இதுதான். ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஒரு விலை இருந்தது. பலன் வராதபோது முறையின் மேல் சந்தேகம் விழவில்லை, இன்னும் முனைந்திருக்க வேண்டுமோ என்று தாயின் மேல்தான் விழுந்தது. விடுதிக்கு அனுப்பச் சொன்னவர் தாயின் பாசத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. இவரோ அந்தப் பாசத்தையே முதலாக வைத்துக்கொண்டார்.

அதே 1968இல் லண்டனில் வேறொரு பாதை திறந்தது. நாஜிகளுக்குத் தப்பி வந்த பெர்த்தா, காரெல் போபாத் தம்பதியர் வகுத்த சிகிச்சை வழியில் நின்ற பிசியோதெரபிஸ்ட் நான்சி ஃபின்னி, மூளை முடக்குவாதமுள்ள சிறு குழந்தையை வீட்டில் கையாள்வது பற்றிப் பெற்றோருக்காக ஒரு நூல் எழுதினார். குழந்தையை எப்படித் தூக்குவது, குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது, விளையாட உட்காரவைப்பது என்று அன்றாட வேலைகளின் வரிசையிலேயே அந்த நூல் நகர்கிறது. தாய்க்குப் புதிய வேலை எதுவும் வரவில்லை, செய்கிற வேலை சுலபமாயிற்று. போபாத் கோட்பாடும் பிற்கால ஆய்வுகளில் தேறவில்லையே, அப்படியானால் ஃபின்னிக்கு மட்டும் ஏன் பாராட்டு என்று கேட்கலாம். அசைவை இயல்பாக்கினால் மூளையே திருந்தும் என்ற எதிர்பார்ப்புக்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்பது சரிதான். ஆனால் காலை மடக்கி இடுப்பில் வைத்துக்கொண்டால் விறைப்புத் தளரும், தலையைச் சற்று முன்சாய்த்தால் விழுங்குவது எளிதாகும் என்ற அறிவு, கோட்பாடு சாய்ந்தாலும் சாயாது. அதன் பலனை அடுத்த வேளைச் சோற்றிலேயே பார்த்துவிடலாம். 2001இல் வெளியான நெதர்லாந்து ஆய்வும் இந்தத் திசையில்தான் போகிறது. 55 குழந்தைகளில் ஒரு பிரிவினர் அசைவைச் சீராக்கும் வழக்கமான பயிற்சியையும், மறுபிரிவினர் அன்றாட வாழ்வுக்கு வேண்டிய செயல்களையும் பழகினார்கள். அடிப்படை அசைவுத்திறனில் இருவரும் ஒன்றுபோலவே முன்னேற, அன்றாடச் செயல்களில் இரண்டாம் பிரிவினர் முந்தினார்கள்.

அன்றாட வேலைகளோடு சேர்ந்தே சிகிச்சை என்ற இந்தப் பாடம், மருத்துவமனையே எட்டாத ஊர்களில் வறுமையிலிருந்து பிறந்தது. உலகச் சுகாதார நிறுவனத்துக்காக எய்னார் ஹெலண்டர், இலங்கையைச் சேர்ந்த பத்மனி மெண்டிஸ் முதலியோர் எழுதி 1989இல் வெளியான சமுதாயப் புனர்வாழ்வுக் கையேடு, குடும்பத்தாரையே பயிற்சியாளராக வைத்துப் பேசியது. மெக்சிகோ மலைக்கிராமங்களில் பணியாற்றிய டேவிட் வெர்னர், 1987இல் வெளியிட்ட நூலில் மரம், மூங்கில், அட்டைப்பெட்டி ஆகியவற்றால் இருக்கைகளும் நடைக்கருவிகளும் செய்யக் கற்றுக்கொடுத்தார். இந்தியாவில் 1972இல் பம்பாயில் இத்தகைய பிள்ளைகளுக்கான ஓர் அமைப்பை மிது ஆலுரும், 1985இல் சென்னையில் இன்று வித்யாசாகர் என அறியப்படும் அமைப்பைப் பூனம் நடராஜனும் தொடங்கினார்கள். இருவருமே மூளை முடக்குவாதமுள்ள பிள்ளையைப் பெற்ற தாய்மார்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981இல் தோன்றிய அமர் சேவா சங்கத்தின் கிராமப் பணியாளர்கள் இன்று வீடுதேடிப் போகிறார்கள். தாய் பேருந்து ஏறி, கூலியை இழந்து, பிள்ளையைத் தோளில் சுமந்து மையத்துக்கு வர வேண்டியதில்லை என்பதே அந்த ஏற்பாட்டின் முதல் பலன்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது, இளம் மூளை வளைந்துகொடுக்கும் காலம் குறுகியது, அந்தக் காலத்தில் கடுமையாக உழைக்காவிட்டால் வாய்ப்புப் போய்விடுமே என்பது. சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சீக்கிரம் தொடங்குவதும் நாள் முழுக்கச் செய்வதும் வெவ்வேறு. 2009இல் ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழுவினர் 36 குழந்தைகளிடம் நடத்திய சோதனையில், பெற்றோர் தாங்களே தேர்ந்த இலக்குகளுக்காக வீட்டில் பயிற்சி கொடுத்தார்கள். சராசரியாக மாதத்துக்கு 17 தடவைக்குச் சற்று மேல், ஒவ்வொரு தடவையும் சுமார் 16 நிமிடம். எட்டே வாரத்தில் பலன் தெரிந்தது. இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அரசு தன் செலவைத் தாயின் தலையில் கட்டும் தந்திரம் அல்லவா? அப்படி ஆகக்கூடும், பல இடங்களில் ஆகியும் இருக்கிறது. கையேட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போவது ஆதரவே அல்ல. ஊதியம் பெறும் பணியாளர் தவறாமல் வந்து போவதும், இருக்கையும் சக்கர நாற்காலியும் பிள்ளையின் அளவுக்குக் கிடைப்பதும், மாதத்தில் சில நாளாவது பிள்ளையை வேறொருவர் பொறுப்பில் விட்டுத் தாய் ஓய்வெடுக்க முடிவதும் சேர்ந்தால்தான் அது வீட்டு ஆதரவு. இவற்றுக்கு அரசு பணம் ஒதுக்கியாக வேண்டும்.

நம்மூரில் இன்று இணையத்திலும் விளம்பரப் பலகைகளிலும் தினம் ஒரு புதிய சிகிச்சை பெற்றோரை அழைக்கிறது. அவற்றை எடைபோட நரம்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. இது தினமும் யாருடைய நேரத்தை எவ்வளவு எடுத்துக்கொள்ளும், பலன் கிடைக்காவிட்டால் பழி யார்மேல் விழும், பிள்ளையின் சாப்பாடும் தூக்கமும் விளையாட்டும் இதனால் சுலபமாகுமா என்று கேட்டாலே போதும். நேரே பதில் சொல்லத் தயங்குபவர் எவ்வளவு பெரிய நம்பிக்கையை விற்றாலும், அவரிடம் வாங்காமல் திரும்பிவிடுவதே பிள்ளைக்கும் தாய்க்கும் நல்லது.